பவுடருக்கு அடியில் ஒரு கிழங்கு

ஐரிஸ் என்ற செடியின் மணம் கலந்த சென்ட்டை யாரிடம் நீட்டினாலும் முதலில் வருகிற சொல் ‘பவுடர்’. சொல்லும் தொனியைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், கிண்டலாகவும் இருக்கும். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களின் வாசனை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு பக்கம். அந்தப் பவுடருக்காகவே மாதச் சம்பளத்தில் பெரிய துண்டை வெட்டிக் கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் விளம்பரங்கள் இதை ‘மென்மை’, ‘இதம்’ என்றெல்லாம் வர்ணிக்கும்போது எனக்கு ஒப்புவதே இல்லை. நல்ல ஐரிஸ் குளிர்ச்சியானது, கொஞ்சம் திமிர் பிடித்தது. மேலே பூசியிருக்கும் பவுடரை லேசாகச் சுரண்டினால் உள்ளே மண், பச்சைக் கேரட், ஈர மரம், உலோகம் எல்லாம் கிடக்கும். அவை எவ்வளவு வெளியே தெரிகின்றன என்பதை வைத்துத்தான் ஒரு ஐரிஸ் சென்ட்டை நான் எடைபோடுவேன். பவுடர் மட்டும் வேண்டுமென்றால் பக்கத்துக் கடையிலேயே டப்பாவில் கிடைக்கிறதே.

இந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கதை நிஜமாகவே மண்ணுக்குள்தான் ஆரம்பிக்கிறது. ஐரிஸ் என்றதும் நீலமும் ஊதாவுமாக இதழ் மடிந்து தொங்கும் பூ பலருக்கு நினைவு வரும். அட்டைப்பெட்டியிலும் அதைத்தான் வரைகிறார்கள். சில ஐரிஸ் பூக்களுக்கு நல்ல மணம் உண்டு. ஆனால் சென்ட் தொழிலுக்கு அந்தப் பூவால் பெரிய பயன் இல்லை. வேண்டியது, நிலத்தை ஒட்டி இஞ்சி மாதிரி கணுக்கணுவாகக் கிளைத்துப் படரும் கிழங்கு. வியாபாரத்தில் அதற்கு ஓரிஸ் என்று பெயர்.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரைச் சுற்றியுள்ள டஸ்கனி மலைச்சரிவுகளில் ஐரிஸ் பல்லிடா என்ற இனத்தைப் பயிரிடுகிறார்கள். கியாந்தி வட்டாரம் உலகத்துக்கு ஒயினால்தான் தெரியும். அங்கே திராட்சைக்கும் ஆலிவுக்கும் இடையே, கல்லும் சரிவுமாக இருக்கும் நிலத்தில் இந்தச் செடியும் நிற்கிறது. சான் போலோ இன் கியாந்தி என்ற சிற்றூரில் மே மாதம் ஐரிஸ் திருவிழாவே நடத்துகிறார்கள். மொராக்கோவில் ஐரிஸ் ஜெர்மானிக்கா என்ற வேறோர் இனம் விளைகிறது. அதற்கும் சந்தை உண்டு. ஆனால் பெரிய சென்ட் நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பல்லிடாவைத்தான். சனெல் நிறுவனம் பிரான்சில் கிராஸ் நகரத்தருகே, தன் மல்லிகையும் ரோஜாவும் விளையும் தோட்டத்திலேயே இதையும் வளர்க்கிறது.

நட்ட செடி மண்ணில் சுமார் 3 வருடம் இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு கோடையில் தோண்டி எடுத்து, வேரையும் இலையையும் நறுக்கி, வளைந்த சிறு கத்தியால் ஒவ்வொரு கிழங்காகக் கையால் தோல் சீவி வெயிலில் காயப் போடுவார்கள். இந்தக் கட்டத்தில் கிழங்கை மூக்கருகே கொண்டுபோனால் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இருக்காது. இனி காத்திருப்புதான் வேலை. காய்ந்த கிழங்கைப் பூச்சி அரிக்காமல் இன்னும் 2, 3 வருடம், சில சமயம் அதற்கும் மேலே, கிடங்கில் வைத்திருக்க வேண்டும். கிழங்கின் செல் சவ்வுகளில் இரிடால் என்ற பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. காற்றுப் பட்டு அவை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ஐரோன் என்ற சின்ன மூலக்கூறுகளாக மாறுகின்றன. ஐரிஸ் வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஐரோன்களைத்தான். ஆக, நட்டதிலிருந்து வடிப்பதுவரை ஐந்தாறு வருடம் ஓடிவிடும். விவசாயியின் இடத்திலிருந்து யோசித்தால் கிறுக்குத்தனமான பயிர். விலை நன்றாக இருக்கிறதே என்று இன்றைக்கு நட்டால், கையில் காசு வரும்போது சந்தை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் காத்திருப்பைக் குறைக்க நொதிகளையும் பாக்டீரியாக்களையும் வைத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அப்புறம் கிழங்கைப் பொடித்து நீராவியில் வடிக்க வேண்டும். ஒரு டன் காய்ந்த கிழங்கிலிருந்து ஏறக்குறைய 2 கிலோ கிடைத்தால் பெரிது. கிடைப்பதும் எண்ணெயாக இருக்காது. அறை வெப்பத்தில் இளமஞ்சள் நிறத்தில் உறைந்து நிற்கும். தொழிலில் அதை ‘ஓரிஸ் வெண்ணெய்’ என்றே சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு. ஐரோன் எவ்வளவு என்று பார்த்து 8 சதவீதம், 15 சதவீதம் எனத் தரம் பிரித்து விற்பார்கள். கொழுப்பை முழுக்க நீக்கினால் வருவது அப்சல்யூட். அதன் விலை கிலோவுக்குப் பல லட்சம் ரூபாய்.

அந்த வெண்ணெய் எப்படி மணக்கும் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் முயல்கிறேன். முதலில் வயலட் பூ. அதுவும் ஈரமில்லாத, காகிதத்தில் காய்ந்துபோன வயலட். அதன் கூடவே பச்சைக் கேரட்டின் தோல். பிறகு பிசைந்து வைத்த மைதா மாவு, பென்சில் சீவிய தூள், கொஞ்சம் ராஸ்பெர்ரி. எல்லாவற்றுக்கும் அடியில், சுத்தம் செய்த அடித்தளக் கிடங்கின் குளிர்ந்த காற்று. இனிப்பு மிகமிகக் குறைவு. ஈரமான, சாறு உள்ள எதுவும் இதில் இல்லை. முதல் தடவை முகர்பவர்களுக்கு இது சென்ட் சரக்கு என்றே தோன்றாது. சமையலறைக்கும் தச்சுப்பட்டறைக்கும் நடுவில் எங்கோ நிற்கிற வாசனை இது. ஓரிஸ் கிழங்கு நிஜமாகவே வாய்க்கும் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. பீஃப்ஈட்டர், பாம்பே சஃபையர் போன்ற ஜின் வகைகளில் ஜூனிப்பர், கொத்தமல்லி விதையோடு ஓரிஸும் உண்டு. மொராக்கோவின் ரஸ் எல் ஹனூத் மசாலாவிலும் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் பல் முளைக்கும் குழந்தை கடிக்கட்டும் என்று சீவிய ஓரிஸ் துண்டைக் கையில் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பிள்ளை வளர்ப்பான் என்று நம் வீடுகளில் பெயர் வாங்கிய வசம்பும் மணக்கும் கிழங்குதான், குழந்தை கையில் வளையலாகக் கட்டுவதுதான். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். ஆனால் பாட்டிகளின் புத்தி எல்லா ஊரிலும் ஒரே பக்கம் போயிருக்கிறது.

இவ்வளவு விலை உள்ள ஒரு சரக்கை வேதியியலாளர்கள் சும்மா விடுவார்களா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வயலட் பூ வாசனைக்கு ஐரோப்பா பைத்தியமாக இருந்தது. வயலட்டிலிருந்து எடுக்கும் சாறு கட்டுப்படியாகாத விலை. அதனால் பெர்லினில் ஃபெர்டினாண்ட் டீமானும் பால் க்ரூகரும் வயலட்டை விட்டுவிட்டு, அதே சாயலில் மணக்கிற, கொஞ்சம் மலிவான ஓரிஸ் கிழங்கை ஆராய்ந்தார்கள். ஆமாம், அன்றைக்கு ஓரிஸ்தான் மலிவு மாற்று! கிழங்கின் வாசனைப் பொருளுக்கு ஐரோன் என்று பெயர் வைத்து, அதன் அமைப்பு இன்னது என்று ஒரு முடிவுக்கு வந்து, அதைச் செயற்கையாகச் செய்ய முயன்றார்கள். 1893இல் கிடைத்தது ஐரோன் இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட தம்பியான அயனோன். பாத்திரத்தை கந்தக அமிலம் ஊற்றிக் கழுவும்போதுதான் அந்த வயலட் வாசனை வெளியே வந்தது என்று ஒரு கதையும் உலவுகிறது. அயனோன் வயலட் வாசனையை ஒரே அடியில் எல்லோருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஐரோனின் சரியான அமைப்பு தெரியவர 1947 ஆயிற்று. கண்டுபிடித்தது, நோபல் பரிசு பெற்ற லியோபோல்ட் ருசிக்காவின் குழு. அயனோனில் 13 கார்பன் அணுக்கள், ஐரோனில் 14. டீமான் கோட்டைவிட்டது அந்த ஒரே ஒரு கார்பனைத்தான்.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அயனோன் செய்ய சிட்ரால் வேண்டும். சிட்ரால் ஏராளமாக இருப்பது எலுமிச்சைப் புல் எண்ணெயில். கேரள மலைகளில் வடித்து, கொச்சித் துறைமுகம் வழியாகப் போன அந்த எண்ணெய்க்கு உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பெயர். பாரிஸ் சீமாட்டி கைக்குட்டையில் தெளித்துக்கொண்ட வயலட்டுக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்பதை நினைத்தால் எனக்கு ஏனோ சிரிப்பு வரும்.

சரி, பவுடருக்கு வருவோம். ஐரிஸ் ஏன் பவுடராக மணக்கிறது என்று கேட்பதைவிட, பவுடர் ஏன் ஐரிஸாக மணக்கிறது என்று கேட்பது பொருத்தம். ஏனென்றால் ஐரோப்பாவில் இந்தக் கிழங்கைப் பொடித்துத்தான் பல நூற்றாண்டுகளாகப் பூசியும் தூவியும் வந்திருக்கிறார்கள். 1480இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் உடைக் கணக்கிலேயே, துணிகளுக்கு இடையில் வைக்க ஓரிஸும் சோம்பு மாதிரி மணக்கும் அனிஸ் விதையும் அடைத்த பைகளுக்கான குறிப்பு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பொய்முடிக்கும் தலைமுடிக்கும் தூவிய வெள்ளைப் பொடி பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து. அதற்கு மணம் சேர்த்தவற்றில் ஓரிஸ் முக்கியமானது. 1795இல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பொடிக்கே வரி போட்டது. தலையில் பொடி தூவ வேண்டுமென்றால் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு கினி என்ற தங்கக் காசு கட்ட வேண்டும். அந்த வழக்கம் ஒழிவதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

பிறகு முகப்பவுடர் வந்தது. அதிலும் ஓரிஸ் பொடி இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது சிலருக்குத் தும்மலும் ஒவ்வாமையும் தருவதாக மருத்துவர்கள் சொல்ல, நிறுவனங்கள் கிழங்குப் பொடியை மெல்ல நீக்கின. ஆனால் வாசனையை நீக்கவில்லை. முகப்பவுடர் என்றால் இப்படித்தான் மணக்க வேண்டும் என்று மூக்குகள் பழகிவிட்டன அல்லவா? அந்த இடத்தை அயனோனும் மெத்தில் அயனோனும் பிடித்துக்கொண்டன. லிப்ஸ்டிக்கின் மெழுகு நாற்றத்தை மறைக்கவும் அதே வயலட், ரோஜாக் கலவைதான். கூடவே ஹீலியோட்ரோபின், வனிலின், குமரின், வெள்ளைக் கஸ்தூரி என்று வேறு வாசனைப் பொருட்களையும் சேர்க்கச் சேர்க்க நாம் இன்று ‘பவுடர்’ என்று சொல்லும் அந்த மிருதுவான, இனிப்பான மூட்டம் உருவாகிறது. கிழங்கு போய்விட்டது, அதன் நிழல் மட்டும் டப்பாவில் தங்கிவிட்டது.

தமிழ் மூக்குக்கு இந்த மூட்டம் வந்து சேர்ந்தது பாண்ட்ஸ் ட்ரீம்ஃப்ளவர் வகையறா டால்கம் டப்பாக்கள் வழியாக. குளித்துவிட்டு வந்ததும் கழுத்தில் வெள்ளைத் திட்டு தெரிய அப்பிக்கொண்ட அந்தப் பவுடரில் ஐரிஸ் கிழங்கின் துளி கூட இருந்திருக்காது. ஆனாலும் அந்த வம்சாவளிதான். அதற்கு முன்னால் நாம் பூசிக் குளித்த நலங்கு மாவை நினைத்துப் பாருங்கள். கிச்சிலிக் கிழங்கு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் என்று பாதிக்கு மேல் கிழங்குதான். காயவைத்து, அரைத்து, பயத்தம்பருப்பு மாவோடு கலந்து உடம்பில் தேய்த்த வாசனைக் கிழங்குகள். ஓரிஸை முதல்முறை முகர்ந்தபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியாததற்கு டால்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். பூலாங்கிழங்கு பழகிய மூக்குக்கு, மண்ணும் கற்பூரமும் கலந்த உலர்ந்த வாசனை ஒன்றும் புதிது இல்லை. ஒரே வித்தியாசம், நம்முடையது சூடு, ஓரிஸ் குளிர்.

பாட்டில்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பவுடர் ஐரிஸுக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டச் சொன்னால் நான் எடுப்பது ஃப்ரெடெரிக் மால் வெளியிட்ட ‘ஐரிஸ் பூத்ர்’. சென்ட்டை உருவாக்கியவரின் பெயரை பாட்டிலின் மேலேயே அச்சடித்து விற்கலாம் என்று 2000இல் அவர் ஆரம்பித்த நிறுவனத்தின் முதல் வரிசையில் வந்தது இது. உருவாக்கியவர் பியேர் பூர்தோன். 1988இல் வந்து உலகம் முழுக்க ஆண்கள் குளியலறைகளைப் பிடித்துக்கொண்ட ‘கூல் வாட்டர்’ இவர் கைவண்ணம்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அது முழுக்க நீலம், உப்பு, உற்சாகம். இது கையுறை போட்டுக்கொண்ட நிதானம்.

அடித்த முதல் நிமிடத்தில் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை வாசனைப் பொருட்கள் மேலே வரும். சோப்பு, மெழுகு, கஞ்சி போட்டு இஸ்திரி பிடித்த துணி என்று பல திசையில் மூக்கை இழுக்கும், கொஞ்சம் காரமாகவும் இருக்கும். பழைய காலத்துப் பிரெஞ்சு சென்ட்டுகளின் பாணி இது. இன்றைய கடைகளில் பழ ரசத்துக்கும் கேரமலுக்கும் பழகியவர்கள் இங்கேயே திரும்பி ஓடிவிடுவார்கள். கால் மணி நேரம் பொறுத்தால் அந்தப் பளபளப்பு அடங்கி, இலாங் இலாங் பூவின் மஞ்சள் சாயலோடு ஐரிஸ் இறங்கும். இந்த இடம்தான் எனக்குப் பிரியம். பவுடர் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அது காற்றில் மிதக்கிற பவுடர், தோலில் அப்பியது இல்லை. அதன் ஊடாக கேரட்டின் கசப்பும் காகிதத்தின் வறட்சியும் வந்து வந்து போகும். பிறகு கஸ்தூரி, சந்தனம், டோங்கா விதை, வனிலா எல்லாம் சேர்ந்து மூன்றாவது நான்காவது மணி நேரத்தில் இதை இதமான ஒன்றாக மாற்றிவிடுகின்றன. உண்மையைச் சொன்னால் அந்தக் கடைசிக் கட்டம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே கிழங்கு தூங்கிவிடுகிறது. பாதி தூரம் வரை கண்டிப்பாக இருந்த டீச்சர் கடைசியில் எல்லோருக்கும் முழு மார்க் போட்டுவிட்டுப் போன கதை.

என் அம்மாவிடம் இதைக் காட்டினேன். மணிக்கட்டை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏண்டி, பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு காசு?” என்றார். பீரோ என்ற விமர்சனத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நான்காம் எட்வர்டின் உடை அறையும் அப்படித்தானே மணந்திருக்கும்.

கிழங்கைத் தூங்கவே விடாத சென்ட் ஒன்று உண்டு. சேர்ஜ் லூத்தன்ஸ் என்ற பிரெஞ்சு சென்ட் நிறுவனத்துக்காக மோரிஸ் ரூசெல் 1994இல் செய்த ‘ஐரிஸ் சில்வர் மிஸ்ட்’. பல காலம் பாரிஸில் பாலே ரொயால் கடையின் சிறப்பு வரிசையில் இருந்த சரக்கு. இதில் பவுடர் பேருக்குத்தான். தோண்டிய கிழங்கு, ஈர மண், உலோகக் குளிர், ஆவி. மனிதத் தோலோடு சமாதானமாகப் போக வேண்டும் என்ற எண்ணமே இதற்கு இல்லை. சாவு வீட்டு வாசனை என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்; காஷ்மீரில் கல்லறைகள் மேல் ஐரிஸ் நடுகிற வழக்கம் இருப்பதை நினைத்தால் அதுவும் முற்றிலும் அபத்தம் என்று சொல்ல முடியவில்லை. இதைத் தினமும் அணிய என்னால் முடியாது. ஆனால் ஐரிஸ் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான பாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

நடுவில் நிற்பது சனெலின் ‘நம்பர் 19’. 1970இல் ஆன்றி ரொபேர் செய்தது. எண், கோகோ சனெல் பிறந்த ஆகஸ்ட் 19ஐக் குறிக்கும். கால்பனம் என்ற பிசினின் கடும் பச்சை முதலில் கன்னத்தில் அறையும். பின்னால் ஐரிஸ், வெட்டிவேர், பதனிட்ட தோல். இங்கே பவுடர் பூசியிருப்பவள் உங்களை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்பவள். வெட்டிவேர் பழகிய நமக்கு இது எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கணிப்பு.

ஆண்கள் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. 2005இல் ஒலிவியே போல்ஜ் செய்த ‘டியோர் ஓம்’ ஐரிஸை நடுக்கூடத்தில் உட்கார வைத்தது. லாவண்டரும் கோக்கோவும் பதனிட்ட தோலும் சுற்றிலும். ஆண்கள் கடையில் முகப்பவுடர் வாசனையை வைத்து விற்றது அன்றைக்குத் துணிச்சல்தான். என் தம்பி வாங்கிவந்து முதல் நாள் அடித்துக்கொண்டதும், “அக்கா, இது உன் லிப்ஸ்டிக் மாதிரி இருக்கே?” என்று பதறினான். மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது; இரண்டிலும் ஒரே அயனோன் குடும்பம். ஒரு வாரத்தில் பழகி, அலுவலகத்தில் யாரோ பாராட்டியதும் பதற்றம் போய்விட்டது. 2020இல் அதே பெயரில் மர வாசனை மேலோங்கிய வேறொரு கலவையை வெளியிட்டார்கள் என்பதால், வாங்குகிறவர்கள் எது எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

பிராடாவுக்காக டேனியெலா ஆண்ட்ரியே 2007இல் செய்த ‘இன்ஃப்யூஷன் டி’ஐரிஸ்’ நம் ஊர் வெயிலுக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது. நெரோலி என்ற ஆரஞ்சுப் பூ எண்ணெய், கால்பனம், சாம்பிராணி, தேவதாரு. துவைத்துக் காய்ந்த பருத்திச் சட்டைக்குள் கொஞ்சம் கோயில் புகை. கிழங்கு மெலிதாகத்தான் இருக்கும். ஆனால் மே மாதச் சென்னையில் மெலிது என்பது குறை இல்லை. குர்லான்னின் பழைய ‘அப்ரே லோன்டே’, 1906இல் ஜாக் குர்லான் செய்தது, மழைக்குப் பிறகான தோட்டம் என்று பெயர் வாங்கியது. அயனோன், ஹீலியோட்ரோபின், அனிஸ் சாயல். அழகு, ஆனால் எனக்குக் கொஞ்சம் சோகம் அதிகம். ஜாக் ஃபாத் என்ற பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளருக்காக வின்சென்ட் ரூபேர் 1940களில் செய்த ‘ஐரிஸ் கிரி’ ஐரிஸையும் பீச் பழத்தையும் சேர்த்ததற்காக இன்றும் பேசப்படுகிறது. உற்பத்தி நின்றுபோன அதன் மாதிரி, வெர்சாய் நகரில் உள்ள ஓஸ்மோதெக் என்ற சென்ட் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டது. 2018இல் அதை அடியொற்றிப் புதிதாக ஒன்றும் வந்தது.

இந்த சென்ட்டுகளை அணியப் போகிறவர்கள் ஒரு விசித்திரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். நடுவில் வாசனை காணாமல் போகும். போய்விட்டதே என்று இன்னும் நாலு தடவை அடித்துக்கொள்ளாதீர்கள். அயனோன் வகைகளுக்கு மூக்கு சீக்கிரம் சலித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அதுவே திரும்ப வரும். பக்கத்தில் இருப்பவருக்கு முழு நேரமும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அதோடு எல்லோருக்கும் இது ஒரே மாதிரி மணப்பதும் இல்லை. பீட்டா அயனோனை முகரும் திறனில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருப்பதற்கு ஓஆர்5ஏ1 என்ற மரபணு முக்கியக் காரணம் என்று 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிலருக்குப் பூவாக மணப்பது, வேறு சிலருக்குப் புளிப்பாக, வினிகர் போலத் தெரியும். அதனால் உங்களுக்கு உயிரான ஐரிஸைப் பார்த்து நண்பர் முகம் சுளித்தால் ரசனை இல்லாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர் முகர்வது நிஜமாகவே வேறொன்றாக இருக்கலாம்.

வெயிலில் வனிலாவும் டோங்காவும் தூக்கலான பவுடர் ஐரிஸ்கள் கனத்துவிடும். ஐரிஸ் பூத்ர் கூட ஏப்ரல், மே மாதங்களில் பேருந்துக்கு ஆகாது. ஏசி அறைக்கும் மார்கழிக்கும் அது சரி. நான் பெரும்பாலும் தோலில் அடிப்பதைவிடப் பருத்தித் துப்பட்டாவின் உள்பக்கம் அடிக்கிறேன். உடம்புச் சூடு படாததால் இனிப்பு மெதுவாகவே மேலே வரும், மறுநாள் காலையிலும் கிழங்கின் வறட்சி மிச்சம் இருக்கும். பட்டில் மட்டும் வேண்டாம், கறை விழும்.

முழு பாட்டில் வாங்குமுன் சின்ன சாம்பிள்கள் தேடுங்கள். ஃப்ரெடெரிக் மாலில் 10 மில்லி அளவிலும் கிடைக்கிறது. இந்த வகை சென்ட்டுக்கு அது நெடுநாள் வரும். இன்ஃப்யூஷனில் ஆரம்பித்து, நம்பர் 19, பிறகு ஐரிஸ் பூத்ர் என்று போவது நல்லது. சில்வர் மிஸ்ட்டை கடைசிக்கு வையுங்கள். முதல் நாளே அதை முகர்ந்தால் ஐரிஸ் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டீர்கள்.